செண்டுமல்லியின் இதழ்கள் திரும்பக் கிடைத்தன

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டின் மாடியில் நின்று, கீழே நடக்கும் பூ வியாபாரத்தை விடியற்காலையில் படம் எடுப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கணினியில் திறந்தால், செண்டுமல்லிக் குவியல் இதழே தெரியாத ஆரஞ்சுத் திட்டாக இருக்கும். கீழே கடை போட்டிருக்கும் தமிழ்க்கார அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பூவா, சாயமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

காரணம் இதுதான்: கேமரா காட்டும் பொதுவான வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்; இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் உச்ச வெளிச்சம்) பச்சை நிறத்துக்கே அதிக எடை. அது சரியாகத் தெரியும்போதே சிவப்பு உச்சத்தைத் தாண்டி வழிந்துவிடும். இப்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் பார்க்கிறேன். சிவப்பு வலது ஓரத்தை முட்டாதவரை வெளிச்சத்தைக் குறைக்கிறேன். பெரும்பாலும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குவது, போதும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ (RAW) கோப்பாக எடுப்பது அவசியம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே தரும்; 14 பிட் ‘ரா’வில் 16,384 படிகள். அதனால் இருண்ட முகங்களைப் பிறகு தயங்காமல் வெளிச்சமாக்கலாம்.

எடிட்டிங்கில் நிறச்செறிவைக் கூட்டும் ஆசையை அடக்க வேண்டும். ஆரஞ்சின் வெளிச்சத்தை மட்டும் சற்று இறக்கினால் இதழ்களின் மடிப்புகள் எழுந்து வரும். நீலத் தார்ப்பாயின் சாயலை நீக்க, வெள்ளை நூல்கண்டின் மீது வெள்ளைச் சமநிலையைக் குறிக்கிறேன், அதாவது ‘இதுதான் வெள்ளை’ என்று மென்பொருளுக்குக் காட்டுகிறேன்; மல்லிகையைக் காட்டுவதில்லை, அதில் லேசான பச்சை ஓடும்.

கோழிக்கொண்டைக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் இதே முறைதான்.