டோரத்தி கேம்ப்பெல்லின் கோல்ஃப் சாதனைகளைத் தேடிப் படிப்பது எப்படி

நூறு வருடத்துக்கு முந்தைய அமெச்சூர் (பணத்துக்காக ஆடாத) கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் படிக்க ஆசையா? டோரத்தி கேம்ப்பெல்லில் இருந்து தொடங்குங்கள். 1883இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் பிறந்தவர், இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை இன்று பலருக்குத் தெரியவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

முதல் வேலை, பெயரைச் சரியாகப் பிடிப்பது. 1913இல் ஜாக் ஹர்டைத் திருமணம் செய்த பிறகு பழைய பத்திரிகைகளில் அவர் 'மிஸஸ் ஜே. வி. ஹர்ட்' ஆகிவிடுகிறார். அந்தக் காலத்தில் மனைவியைக் கணவர் பெயரால் குறிப்பதுதான் வழக்கம். அதனால் 'கேம்ப்பெல்' என்று மட்டும் தேடினால் அவருடைய கடைசிப் பெரிய வெற்றி கண்ணில் படாமலே போய்விடும்.

அப்புறம், ஒரு தாளில் நாடுவாரியாக வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்காட்டிஷ் மகளிர் பட்டம் 1905, 1906, 1908. பிரிட்டிஷ் 1909, 1911. அமெரிக்க மகளிர் அமெச்சூர் 1909, 1910, 1924. கனடா 1910, 1911, 1912. மொத்தம் 11. பிரிட்டிஷ், அமெரிக்கப் பட்டங்களை ஒரே வருடத்தில் வென்ற முதல் பெண் அவர்தான். 1910இல் கனடாவின் ஹாமில்டனுக்குக் குடிபோனார், கனடா பட்டங்கள் வரிசையாக அந்த வருடத்தில் தொடங்குவது அதனால்தான். பரிசுப் பணத்தைத் தேடாதீர்கள், அமெச்சூருக்கு அது கிடையாது.

ஸ்கோரைப் படிப்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். இந்தப் போட்டிகளின் ஃபைனல் எல்லாம் மேட்ச் ப்ளே, அதாவது மொத்த அடிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை, ஒவ்வொரு ஹோலையும் (தொடக்க இடத்திலிருந்து பந்தைக் குழியில் போடும் வரையான ஒரு பகுதி) யார் வென்றார் என்பதுதான் கணக்கு. '3 அண்டு 2' என்றால் இன்னும் 2 ஹோல் மட்டுமே பாக்கி இருக்கும்போது 3 ஹோல் முன்னிலை, எதிராளியால் இனி எட்டிப்பிடிக்க முடியாது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. '19ஆவது ஹோல்' என்று இருந்தால் ஒரு சுற்றின் 18 ஹோல் முடிந்தும் சமநிலை, கூடுதலாக ஒரு ஹோல் ஆடித் தீர்த்தார்கள். 1908இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஃபைனலில் மாட் டிட்டர்டனிடம் அவர் தோற்றது அப்படித்தான்.

வெற்றி இல்லாத வருடங்களைப் பார்த்து ஆட்டம் இறங்கிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதல் உலகப் போரால் 1917, 1918இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் நடக்கவே இல்லை. ஆனால் அதே 1918இல் அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்டில் நார்த் அண்ட் சவுத் போட்டியை வென்றிருக்கிறார், 1920, 1921இலும் வென்றார். தேசியப் பட்டங்களை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

1924ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். தன்னுடைய ஆட்டமுறை பழசாகிவிட்டது என்று உணர்ந்து, மட்டையைப் பிடிக்க அதுவரை பழகிய முறையை விட்டு வார்டன் பிடிக்கு மாறினார். வலது கைச் சுண்டுவிரலை இடது கை ஆள்காட்டி விரலின் மேல் வைத்துப் பிடிப்பது அது. நாற்பதைத் தாண்டிய வயதில் இப்படி மாற எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 41 வயதில் மறுபடி அமெரிக்க சாம்பியன். ஃபைனல் ஸ்கோர் 7 அண்டு 6. அதோடு நிறுத்திவிடாமல் எதிராளி யார் என்றும் பாருங்கள்: மேரி கே. பிரவுன், டென்னிஸில் அமெரிக்க சாம்பியனாக இருந்தவர், அரையிறுதியில் அன்றைய பெரிய நட்சத்திரம் க்ளெனா காலெட்டை வீழ்த்திவிட்டு வந்தவர்.