ரேஸ் குதிரையை ஸ்டட்டுக்கு அனுப்புவது எப்படி

ஃப்ளைட்லைன் என்ற அமெரிக்க ரேஸ் குதிரை ஓடியது 6 ரேஸ், ஆறிலும் வெற்றி. 2022-இல் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய ரேஸை ஜெயித்த கையோடு அதை ஸ்டட்டுக்கு, அதாவது இனப்பெருக்கப் பண்ணைக்கு, அனுப்பிவிட்டார்கள். ஒரு பெட்டைக் குதிரையோடு சேர்க்கத் தொடக்கக் கட்டணம் 2 லட்சம் டாலர். 100 பெட்டைகள் குட்டி போட்டால் ஒரே பருவத்தில் 2 கோடி டாலர். அந்த கிளாசிக்கின் மொத்தப் பரிசே 60 லட்சம்தான். ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் இன்னொரு வருஷம் ஓடவிட்டுக் கால் முறிந்தால் இழப்பு உரிமையாளருக்குத்தான்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு: குதிரைக்கு விந்து வளம் இருக்க வேண்டும். 1996-இல் ஓய்வுபெற்ற சிகார் என்ற குதிரை மலடு என்று பிறகுதான் தெரிந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் என்ற குதிரை ஸ்டட்டில் சரிப்படாமல் மறுபடி ஓட வந்து, 2007-இல் ரேஸிலேயே உயிரை விட்டது. அதனால் விந்துப் பரிசோதனையில் தேறினால்தான் விற்பனை செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் பருவத்துக்கு மலட்டுத்தன்மைக் காப்பீடும் எடுங்கள்.

பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் இணைசேர்க்கையிலிருந்து ஓய்வு. பிறகு ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை விந்து எடுப்பார்கள். இரண்டாவதில், நேராக முன்னேறி நீந்தும், வடிவம் கெடாத அணுக்கள் குறைந்தது 100 கோடி இருக்க வேண்டும். விதைப்பையின் அகலம் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பயிற்சியாளரிடமிருந்து மருந்துப் பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். ஸ்டீராய்டு போட்டிருந்தால் விதை சுருங்கியிருக்கலாம். மீள மாதக்கணக்கில் ஆகும். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 57 நாள் ஆவதால், இன்று வந்த காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மாதம் கழித்துக்கூடத் தெரியலாம். வட அரைக்கோளத்தில் இனப்பெருக்கப் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கும். நவம்பர் முதல் வாரத்துக்குள் குதிரை பண்ணைக்கு வந்துவிடுவது நல்லது.

ஓட்டத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் பாய்ச்சல், மெதுவோட்டம், கையில் பிடித்து நடத்துதல் என்று படிப்படியாக இறக்குங்கள். தானியத்தையும் அதே வேகத்தில் குறைத்து, உலர்புல்லும் பசும்புல்லும் வேண்டிய மட்டும் கொடுங்கள். வருஷக்கணக்காக லாயத்திலேயே நின்ற குதிரையைச் சட்டென்று பெரிய புல்வெளியில் விட்டால், தறிகெட்டு ஓடி வேலியில் மோதிக்கொள்ளும். முதல் சில நாள் உயரமான வேலி போட்ட சின்ன அடைப்பே போதும். தீனி தின்று அடங்கிய பிறகு, மருத்துவர் சொன்னால் லேசான மயக்க மருந்தும் கொடுத்து, அவிழ்த்து விடுங்கள்.

பழக்கம் மாற்றுவதுதான் சிரமம். ரேஸ் லாயத்தில் பெட்டையைப் பார்த்துக் கனைத்தாலே அதட்டு விழும். இங்கே அதையேதான் செய்ய வேண்டும். இணைசேர்க்கைக்கென்று தனிக் கடிவாளம் ஒன்று வையுங்கள். அதை மாட்டினால் என்ன வேலை என்று குதிரை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பெட்டை இல்லாத நேரத்தில் அதை மாட்டவே கூடாது.

தாரோபிரெட் என்ற ரேஸ் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிய மாட்டார்கள். நேரடிச் சேர்க்கை மட்டுமே. முதல் பெட்டை குட்டி போட்டுப் பழகிய, சாதுவான, நன்றாகப் பருவத்துக்கு வந்ததாக இருக்கட்டும். வாலைக் கட்டி, பின்கால்களுக்கு மெத்தைக் காலணி மாட்டுங்கள். புது ஆணுக்கு ஓர் உதை பட்டாலே அந்தப் பருவம் முழுக்கத் தயங்கும். ஏறத் தடுமாறினால் அதட்டாதீர்கள். ஆணுறுப்பை வெறும் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். சோப்பு அங்குள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, சூடோமோனாஸ் என்ற நோய்க் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். ஆண் குதிரையின் வால் மேலும் கீழும் துடித்தால் பெரும்பாலும் விந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் நம்பாமல், ஆண் குதிரை பெட்டையின் மேலிருந்து இறங்கும்போது சொட்டும் துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்.

தொடக்கத்தில் நாளுக்கு ஒரு பெட்டை போதும். கருமுட்டை வெளிவந்த 14–16 நாளில் ஸ்கேன் செய்து, சினையா, இரட்டையா என்று எழுதி வையுங்கள். முதல் சில பெட்டைகள் வரிசையாகச் சினை பிடிக்காவிட்டால், அடுத்ததை அனுப்பும் முன் விந்தை மறுபடி எடுத்துச் சோதியுங்கள். காப்பீட்டுக்காரருக்கும் அன்றைக்கே தகவல் போகட்டும். தாமதமானால் கோரிக்கையைத் தள்ளிவிட அதுவே சாக்காகிவிடும்.