பட்டமா, தொழிற்பயிற்சியா: திருகோணமலை மாணவர் முடிவெடுக்கும் முறை

உயர்தரப் பெறுபேறு கிடைத்ததும், விரும்பும் வேலைக்குப் பட்டம் கட்டாயமா என்பதை அதன் ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் முதலில் பாருங்கள். மருத்துவராகவோ, திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை நிர்வாக சேவை அதிகாரியாகவோ வர விரும்புபவருக்குப் பட்டம் இன்றி வழியில்லை. அவர் தயங்காமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லையென்றாலும், விடுதிச் செலவையும் உழைக்காமல் கழியும் ஆண்டுகளையும் கணக்கிடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருப்பதால், உங்கள் துறை அங்கிருந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் விருப்பமில்லாத பாடநெறியில் சேர்வதை நான் ஏற்கமாட்டேன். பெற்றோர் இதைப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி சுற்றுலா விடுதிகளிலோ மின்னியல், குளிரூட்டித் திருத்தத் துறைகளிலோ வேலை தேடுபவர், அரசு அங்கீகரிக்கும் தேசிய தொழில் தகைமைச் (NVQ) சான்றிதழைத் தரும் தொழிற்பயிற்சி நிலையமா என்று உறுதிசெய்த பின்னரே பணம் கட்டுங்கள். அத்தகைமையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம் என்பதால், இன்று வேலைக்குப் போகிறவருக்கும் பட்டத்துக்கான வாசல் மூடப்படுவதில்லை.

எவ்வழியில் சென்றாலும் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் உடனே கற்கத் தொடங்குங்கள்.