கொழும்பின் ஈரக்காற்றிலும் கட்டிபடாத வாசனைக் குளியல் உப்பு: பரிசுக்காகச் செய்யும் முறை

தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு, பிள்ளைகளின் ஆசிரியர் தினம் என்று ஆண்டு முழுவதும் சிறு பரிசுகள் தேவைப்படும் கொழும்பு வாழ்க்கையில், கையால் செய்த வாசனைக் குளியல் உப்பு மிகப் பொருத்தமான ஒன்று. உப்பு, சிறிதளவு எண்ணெய், சில துளி தைலம், நன்றாக மூடக்கூடிய ஒரு போத்தல் ஆகியவை இருந்தால் ஒரு மாலைப்பொழுதுக்குள் செய்து முடித்துவிடலாம். ஆனால் இதற்கான செய்முறைகளில் பெரும்பாலானவை குளிரும் வறண்ட காற்றும் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ செய்தால், சில வாரங்களுக்குள் போத்தலின் அடியில் நீர் கோத்து, மேலே உப்பு ஒரே கட்டியாக இறுகி நிற்கும்.

இதற்குக் காரணம் செய்பவரின் கைப்பக்குவம் அன்று, காற்றுத்தான். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் உள்ளது என்ற அளவு, ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியவுடன் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர நகரமான கொழும்பில் இரவிலும் காலையிலும் மழை நாட்களிலும் ஈரப்பதன் இந்த எல்லைக்கு மேலேயே இருப்பது வழக்கம். அதற்கு மேலாக, கடலுப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு இதைவிட வறண்ட காற்றிலிருந்தும் நீரை இழுக்கும். ஆகவே நம் ஊரில் குளியல் உப்புச் செய்வதென்பது முதலில் உப்பை உலர்த்தி, உலர்ந்ததை அப்படியே காப்பாற்றும் வேலையாகும். வாசனை சேர்ப்பது அதற்கு அடுத்தபடிதான்.

பொருட்களிலிருந்து தொடங்குவோம். 250 மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள இரண்டு போத்தல்களை நிரப்புவதற்கு 300 கிராம் கல்லுப்பு, 150 கிராம் எப்சம் உப்பு, 50 கிராம் அப்பச்சோடா, ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர், தேங்காய் எண்ணெய், அதிகபட்சம் 20 துளி நறுமணத் தைலம் ஆகியவை போதும். புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு, மன்னார் ஆகிய இடங்களின் உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பே இதற்கு நல்லது. பளிங்குகள் வெள்ளையாகவும் மண் கலவாமலும் கையில் எடுத்தால் ஒட்டாமலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மேசை உப்புத்தூள் எண்ணெய் பட்டவுடன் பசைபோலாகிவிடும், அதைத் தவிர்த்துவிடலாம். நிறம் வேண்டுமென்று விரும்புபவர்கள் கல்லுப்பில் ஒரு பங்கைக் குறைத்து இளஞ்சிவப்பு இந்துப்பைச் சேர்க்கலாம். சாய வகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. நீரில் கரைத்த சாயம் நாம் பாடுபட்டு நீக்கிய ஈரத்தை மீண்டும் கொண்டுவருவதோடு, துவாயிலும் கறையை விட்டுச் செல்லும்.

எப்சம் உப்பு என்பது மகனீசியம் சல்பேற்று, மருந்தகங்களில் கிடைக்கும். அதில் ஊறினால் மகனீசியம் தோல் வழியாக உடலுக்குள் சென்று வலிகளைப் போக்கும் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு உறுதியான சான்று இல்லை. களைத்த காலுக்கு இதம் தருவதில் வெதுவெதுப்பான நீருக்கும் சற்று நேர ஓய்வுக்குமே பெரும் பங்கு உண்டு. ஆகவே பரிசின் மேல் மருத்துவப் பயன் எதையும் எழுதாதீர்கள். அப்பச்சோடா நீருக்கு வழவழப்பைத் தரும்; அத்துடன் கலவை கையில் பிசுபிசுக்காதபடி எண்ணெயையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. நீரில் நுரைத்துப் பொங்கட்டும் என்று சிலர் சிற்றிக் அமிலத்தையும் சேர்ப்பார்கள். கொழும்புக் காற்றில் சிறிதளவு ஈரம் உட்புகுந்தாலே அமிலமும் அப்பச்சோடாவும் போத்தலுக்குள்ளேயே தாக்கம் புரிந்து காபனீரொட்சைட்டு வாயுவை உண்டாக்கும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் அவ்வாறு வாயு சேர்வது ஆபத்தானது. இந்தக் கலவையில் சிற்றிக் அமிலமும் வேண்டாம், தேசிக்காய்ச் சாறும் வேண்டாம்.

இனி உலர்த்தல். இயன்றவரை மழை இல்லாத, வெயில் நன்றாக எறிக்கும் நண்பகல் வேளையைத் தெரிவுசெய்யுங்கள். ஈரப்பதன் நாளின் மற்ற வேளைகளைவிட அப்போது குறைந்திருக்கும். குளிரூட்டி பொருத்திய அறை வீட்டில் இருந்தால், உலர்த்திய பின் வரும் வேலைகள் அனைத்தையும் கதவை மூடிவைத்து அங்கேயே செய்வது இன்னும் சிறந்தது, ஏனெனில் குளிரூட்டி காற்றிலுள்ள நீரையும் வடித்து வெளியேற்றிவிடுகிறது. கல்லுப்பைத் துருப்பிடிக்காத உருக்குத் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, 120 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அவணில் அரை மணித்தியாலம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். அவண் இல்லாதவர்கள் அடி கனமான உருக்குப் பாத்திரத்தில் போட்டு, சிறு தீயில் விடாமல் கிளறி வறுக்கலாம். பளிங்குகளுக்குள் சிறைப்பட்டிருக்கும் உவர்நீர் ஆவியாகி வெளியேறும்போது உப்பு படபடவென்று வெடிக்கும், சில பரல்கள் தெறிக்கவும் கூடும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அடுப்பின் அருகே விடாதீர்கள். அந்தச் சத்தம் ஓய்ந்து, உப்பு கரண்டியில் ஒட்டாமல் மணல்போலச் சரிந்தால் அது உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எப்சம் உப்பை மட்டும் ஒருபோதும் சூடாக்காதீர்கள். அதன் பளிங்கிலே ஒவ்வொரு மகனீசியம் சல்பேற்று அலகுடனும் 7 நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. சூடு பட்டால் அந்த நீர் வெளிப்பட்டு, உப்பு தன் நீரிலேயே நனைந்து கூழாகிவிடும். காற்றீரத்தை உறிஞ்சுவதில் தூய எப்சம் உப்பு கடலுப்பைப் போல அவசரப்படுவதில்லை; ஆதலால் பொதியிலிருந்து எடுத்தபடியே அதைப் பயன்படுத்தலாம். உலர்த்துவதற்கு வசதியோ நேரமோ இல்லாதவர்கள் கல்லுப்பை விட்டுவிட்டு, எப்சம் உப்பை மட்டும் கொண்டு செய்வதும் நல்ல வழியே.

உலர்த்திய உப்பை ஆறவிடும்போதுதான் பலருடைய முயற்சி வீணாகிறது. தட்டோடு மேசையில் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றால், ஆறும் உப்பு விரட்டிய ஈரத்தையெல்லாம் மீண்டும் வாங்கிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன், உலர்ந்த கண்ணாடிச் சாடியிலோ உருக்குப் பாத்திரத்திலோ கொட்டி இறுக மூடி, மூடியபடியே முழுவதும் ஆறவிடுங்கள். சூடு சிறிதேனும் மீந்திருக்கையில் தைலத்தைச் சேர்த்தால் வாசனை ஆவியோடு போய்விடும். ஆகவே அவசரம் கூடாது.

வாசனையைப் பொறுத்தவரை, நம்மவர்க்கு இது புதிய நாட்டம் அன்று. சித்திரைப் புத்தாண்டில் தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைக் காய்ச்சி எடுத்த மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளிக்கும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அந்த வாசனைகளோடு வளர்ந்தவர்களுக்குப் பரிசளிக்கையில், கடையில் கிடைக்கும் வெனிலா மணத்தைவிட வெட்டிவேரின் மண் வாசனையே நெருக்கமாக இருக்கும் என்பது என் துணிபு. 12 துளி லாவெண்டர் தைலத்தோடு 8 துளி வெட்டிவேர்த் தைலம் சேர்ந்தால் அமைதியான, நீடித்து நிற்கும் மணம் கிடைக்கும். வெட்டிவேர் மெதுவாகவே ஆவியாவதால் லாவெண்டரின் மணம் தணிந்த பின்னும் அது நிலைத்திருக்கும். சற்றுத் தெளிவான, புத்துணர்வு தரும் மணம் வேண்டுவோர் ஜெரேனியம் 10 துளியும் எலுமிச்சம்புல் தைலம் 4 துளியும் சேர்க்கலாம். எலுமிச்சம்புல் சிலருடைய தோலை உறுத்தக்கூடியது. எனவே இந்த அளவைத் தாண்ட வேண்டாம். தைலத்தின் மணமே ஒத்துக்கொள்ளாதவருக்குப் பரிசளிக்கிறீர்கள் என்றால், தைலத்தை அறவே விட்டு, நன்கு உலர்ந்த வெட்டிவேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி மெல்லிய துணியில் முடிந்து உப்போடு போட்டு மூடிவிடுங்கள். அதன் மெல்லிய மணம் நாட்கள் செல்லச் செல்ல உப்பில் இறங்கும். வெட்டிவேரும் உலர்ந்த ரோசா இதழ்களும் புறக்கோட்டையில் கபோஸ் லேனிலுள்ள மூலிகைக் கடைகளில் தேடத்தக்கவை. பச்சைப் பூக்களை, மல்லிகையாயினும், போத்தலுக்குள் இடவே கூடாது. அவற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும், பூவும் கறுத்துப்போகும்.

கறுவா இந்தத் தீவின் பெருமை. அதன் தைலத்தைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எவருக்கும் வரும். ஆயினும் கறுவாப்பட்டைத் தைலமும் கறுவா இலைத் தைலமும் கராம்புத் தைலமும் தோலில் எரிவையும் ஒவ்வாமையையும் உண்டாக்கக் கூடியவை; குளியல் நீருக்கு அவை ஏற்றவை அல்ல. ஒரு கறுவாப்பட்டையைப் போத்தலின் கழுத்தில் வெளியே கட்டிவிட்டால், பரிசைக் கையில் எடுக்கும்போதே மணக்கும், தோலுக்கும் தீங்கில்லை. தேசிக்காய்த் தோலைப் பிழிந்தெடுத்த தைலம் தோலில் இருக்கையில் வெயில் பட்டால் காயம் உண்டாகலாம். நம் வெயிலில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கற்பூரமும் யூக்கலிப்டசும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உகந்தவை அல்ல. உணவுக்கென விற்கும் வாசனை எசன்சுகளைத் தவிர்த்து, தோலில் பயன்படுத்தலாம் என்று குறிக்கப்பட்ட தைலத்தையே வாங்குங்கள்.

கலக்கும் ஒழுங்கு முக்கியமானது. தைலம் நீரில் கரையாது. உப்பில் நேரடியாகச் சொட்டிவிட்டால், குளிக்கும்போது அது பிரிந்து மிதந்து, கலப்பின்றித் தோலில் படும். ஆகவே தைலத் துளிகளை முதலில் தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். மணம் நீக்கிய எண்ணெயாக இருந்தால் தைலத்தின் வாசனை கெடாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். கொழும்பில் இது பொருட்டல்ல. நுவரெலியாவுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பினால் உப்பின் மேல் வெள்ளையாகப் படிந்து காணப்படலாம், வெந்நீரில் போட்டவுடன் உருகிவிடும். ஆறிய கல்லுப்பில் இந்த எண்ணெயை ஊற்றி, எல்லாப் பளிங்குகளிலும் படும்வரை உலர்ந்த கரண்டியால் பிரட்டி, பின்னர் எப்சம் உப்பையும் இறுதியில் சலித்த அப்பச்சோடாவையும் சேர்த்துக் கிளறுங்கள். தாமதமின்றிப் போத்தலில் நிரப்பிவிடுங்கள்.

போத்தல் கண்ணாடியாக இருப்பது நல்லது. அது கழுவிய பின் முழு நாளும் உலர்ந்திருக்க வேண்டும். ஜாம் போத்தல்களின் உலோக மூடி உப்புப் பட்டால் துருவேறும். பிளாஸ்டிக் திருகுமூடியோ, இறப்பர் வளையம் பொருத்திய கொக்கி மூடியோ உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். தக்கை மூடி பார்வைக்கு அழகு, ஆனால் காற்றைத் தடுக்காது. துணிப்பையும் கடதாசிப் பையும் இந்த ஊருக்குச் சற்றும் உதவா. போத்தலை வாய்வரை நிரப்பினால் உள்ளே எஞ்சும் ஈரக்காற்றும் குறையும். மூடிய பின் இருட்டான அலுமாரியில் ஒரு வாரம் வைத்து, இடையிடையே குலுக்கிவிட்டால் மணம் சீராகப் பரவும். கட்டிபடுகிறதா என்பதையும் பரிசளிக்குமுன் அறிந்துகொள்ளலாம். ஐப்பசி மழையோடு வரும் தீபாவளிக்கு வழங்க விரும்புபவர்கள் இந்த ஒரு வாரத்தைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

பெறுபவரின் வீட்டில் குளியல் தொட்டி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்பின் பெரும்பாலான வீடுகளில் இது பாதங்களை ஊறவைப்பதற்கே பயன்படும். ஒரு பேசினில் 5 லீற்றர் வெதுவெதுப்பான நீருக்கு 3 மேசைக்கரண்டி உப்பு போதும். கால் மணித்தியாலம் ஊறிய பின் நல்ல நீரால் கழுவ வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு போத்தல் ஐந்து முறைக்குக் குறையாமல் வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் தொட்டி நீரில் இட்டால் ஒரே குளியலுக்கு முழுப் போத்தலும் செல்லக்கூடும். அவர்களுக்கு இரண்டாகக் கொடுங்கள். எண்ணெய் பட்ட தரை வழுக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இந்தப் பரிசு வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பவருக்கு நீரின் சூடு தெரியாமல் கொப்புளம் எழலாம், சிறு காயமும் புண்ணாகலாம். காலை ஊறவைப்பதையே மருத்துவர்கள் அவர்களுக்குப் பொதுவாக விலக்குகிறார்கள். அவர்களுக்கு வெட்டிவேர் முடிச்சு ஒன்றை அலுமாரியில் வைத்துக்கொள்ளக் கொடுப்பது மேல். கர்ப்பிணிகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்துவது நல்லது.

போத்தலில் ஒட்டும் தாளில் சேர்த்த பொருட்கள் அனைத்தும், செய்த தேதி, பயன்படுத்தும் அளவு, உண்பதற்கன்று என்ற குறிப்பு, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும் என்ற வேண்டுகோள் ஆகியவை இருக்கட்டும். அலுவலக நண்பர்களுக்கும் அயலவர்க்கும் கொடுப்பதாயின் அவற்றைச் சிங்களத்திலும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தி முடிக்குமாறு குறிப்பிட்டு, போத்தலைக் குளியலறைக்கு வெளியே வைக்கும்படியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.