சிங்கப்பூருக்கு பெர்மிட்டில் வருகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் பேசிக் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள்

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மாதம் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவ்வளவு பெரிய நாடு, கவர்மெண்ட் ரேட் இல்லாமலா இருக்கும் என்பார்கள். இல்லை. உங்கள் சம்பளம் என்ன என்பதை முடிவு செய்வது ஐபிஏ என்கிற ஒரு தாள்தான். முதலாளி எம்ஓஎம் என்கிற மனிதவள அமைச்சிடம் ஒர்க் பெர்மிட் கேட்கும்போது, இந்த ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த கணக்கு அதில் இருக்கும். ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கும். விமானம் ஏறும் முன்பே அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஏஜெண்டுகள் அதை டிக்கெட்டோடு சேர்த்து ஏர்போர்ட் வாசலில்தான் கொடுப்பார்கள். அதற்குள் லட்சக்கணக்கில் பணம் போயிருக்கும், படிக்க நேரமும் இருக்காது. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கலாம் என்று அனுமதித்திருப்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சி, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஐபிஏவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிற ஏஜெண்டிடம் போகாதீர்கள்.

வந்த பிறகு மெடிக்கல், கைரேகை, பாதுகாப்பு வகுப்பு, பெர்மிட் கார்டு எல்லாம் கம்பெனியே கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடும். முதல் முறை வருகிற கட்டுமானத் தொழிலாளிக்கு செட்டிலிங் இன் என்று ஒரு நாள் வகுப்பு உண்டு. தமிழிலேயே நடக்கும், தூங்காமல் கேளுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஆபீஸில் வாங்கி வைப்பது இங்கே குற்றம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவன் எங்கள் டோமுக்கு, அதாவது தொழிலாளர் விடுதிக்கு, வந்தான். அவனுடைய ஐபிஏவில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வந்த மறுநாள் ஆபீஸில் ஒரு கட்டுத் தாளை நீட்டியிருக்கிறார்கள். டோம் விதிகள், பேங்க் கணக்கு விண்ணப்பம், ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் வாங்கிக்கொண்டதற்கு ஒப்புதல், அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். “இது என்னண்ணே?” என்று கேட்டிருக்கிறான். “எல்லாரும் போட்டதுதான் தம்பி, கடைசியில போடு, கீழே லாரி நிக்குது.” சொன்னது சீனரோ மலாய்க்காரரோ இல்லை, நம் ஊர் போர்மேன். எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீராதது அங்கேதான்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: பேசிக் 500, அலவன்ஸ் 300, இதற்கு நான் சம்மதிக்கிறேன். கூட்டினால் அதே 800. முதல் மாதம் கைக்கு வந்த காசிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் இது பலருக்கும் பிடிபடுவதே இல்லை.

ஓடி, அதாவது ஓவர்டைம், கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். மாதப் பேசிக்கை 12ஆல் பெருக்கி 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். 2,288 என்பது 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம். ஓடிக்கு அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். பேசிக் 800 என்றால் ஓடி மணிக்கு 6.29 வெள்ளி. பேசிக் 500 என்றால் 3.93. அலவன்ஸ் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. மாதத்துக்கு ஓடி 72 மணி நேரம் வரை பார்க்கலாம். அவ்வளவும் பார்க்கிறவனுக்கு மாதம் 170 வெள்ளி போய்விடும், வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். லீவு நாளில் கூப்பிட்டு வேலை வாங்கினால் தர வேண்டிய கூலியும் பேசிக்கை வைத்துத்தான். அதுவும் குறையும்.

முதலாளி இப்படிக் குறைக்கலாமா? ஐபிஏவில் எழுதியதைவிடப் பேசிக்கைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளியின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும், குறைப்பதற்கு முன் அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டும் வேண்டும். தம்பியின் கம்பெனி கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பல மாதம் கழித்துத்தான் அமைச்சுக்குச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்த ஆரம்ப மாதங்களின் வித்தியாசம் அவனுக்கு வர வேண்டிய பணம்தானே? ஆமாம். ஆனால் ஊரில் வாங்கிய கடன் அடையட்டும் என்று அவன் பொறுத்திருந்தான். வேலையில் இருக்கும்போது சம்பளப் பாக்கி கேட்பதற்குக் கெடு, அந்தச் சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறே மாதம். அவன் போய் நின்றபோது, அமைச்சுக்குச் சொல்லாமல் குறைத்த மாதங்கள் அத்தனையும் கெடுவைத் தாண்டியிருந்தன. கெடுவுக்குள் இருந்த மாதங்களுக்கோ அவன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பேசி முடித்து ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு வந்தான். அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. கேட்டரிங் பொட்டலத்தை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

ஆகவே ஆங்கிலத்தில் எந்தத் தாளை நீட்டினாலும், போட்டோ எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். லாரி நின்றால் நிற்கட்டும். டோமில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருப்பான். தொகையும் ‘பேசிக்’ என்ற வார்த்தையும் எந்த வரியில் சேர்ந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் வேலை விவரங்களை எழுத்தில் தர வேண்டும். அதில் உள்ள பேசிக்கும் ஐபிஏவில் உள்ள பேசிக்கும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கடன் அடையும் வரை காத்திருக்காதீர்கள்.

சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். 2016 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். பேசிக், அலவன்ஸ், பிடித்தம், ஓடி எத்தனை மணி, ஓடிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடிப் பணம். லெவி என்பது உங்களை வேலைக்கு வைத்திருப்பதற்கு அரசு வாங்கும் வரி. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அது முழுக்க முதலாளி கட்ட வேண்டியது. டைம் கார்டு வெறுமையாக இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு சின்ன டைரி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது முஸ்தபாவில் வாங்கியது, சிமெண்ட் தூசி படிந்து அட்டையின் நிறமே மாறிவிட்டது. தேதி, எந்த சைட், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், கூட யார் இருந்தார்கள். அவ்வளவுதான் எழுத வேண்டியது. லாரியில் திரும்பும்போது ஆளாளுக்கு போனில் வீடியோ பார்ப்பார்கள், எனக்கு அந்த நேரம் டைரிக்கு. கம்பெனிக் கணக்கும் உங்கள் கணக்கும் மோதும்போது அன்றன்றைக்கு எழுதிய டைரிக்கு மதிப்பு உண்டு. மொத்தமாக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதை, மையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது நிறையப் பேருக்குச் சம்பளம் பேங்கில்தான் விழுகிறது. அதனால் ஏமாற்று நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பேங்கில் 800 போட்டுவிட்டு, ஏடிஎம்மில் எடுத்து 200ஐ போர்மேனிடம் கொடு என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. பெர்மிட் புதுப்பிக்கக் காசு கேட்பதும் இதே வகைதான். வேலை கொடுப்பதற்கோ தொடர்வதற்கோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. ஏடிஎம் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், டைரிக்குள்ளேயே வையுங்கள்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு முதலாளியிடம் பார்ட் டைம், யாரோ ஒருவர் கணக்கில் சாப்பாடு டெலிவரி, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கார்டில் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி வேலை மட்டும்தான். மாட்டினால் உங்களுக்கே 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்கலாம். கூப்பிட்ட ஆள் அந்தச் சமயம் போனைக்கூட எடுக்க மாட்டார்.

வேலையில் அடிபட்டால், டோமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். எந்த சைட்டில், எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். தப்பு யாருடையது என்று பார்க்காமல் நஷ்டஈடு தருகிற சட்டம் இங்கே இருக்கிறது. வேலை நேரத்து விபத்தில் எம்சி என்கிற மருத்துவ விடுப்பு கொடுத்தாலும் லைட் டியூட்டி கொடுத்தாலும் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

புகார் கொடுத்தால் மறுநாளே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, காரணம் இல்லாமலும் இல்லை. பெர்மிட்டை ரத்து செய்கிற அதிகாரம் முதலாளி கையில்தான். ஆனால் சம்பள வழக்கு நடக்கும்போது இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் தருவார்கள், வேறு முதலாளி தேட அமைச்சு அனுமதிப்பதும் உண்டு. முதலில் டாட்எம் (TADM) என்கிற இடத்தில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் கோர்ட். அந்தக் கோர்ட்டில் இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, அது நமக்கு நல்லது. கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மைகிரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டருக்கு 6536 2692இல் போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குத்தானே வருவீர்கள். மல்லிகைப்பூ வாசத்துக்கும் வெங்காய வடைக்கும் நானும் அங்கேதான் வருகிறேன், ஊர் ஞாபகம் அங்கே கொஞ்சம் அடங்கும். அங்கேயே விசாரித்தால், வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு உதவுகிற டிடபிள்யூசி2 (TWC2) அமைப்புக்காரர்களைக் காட்டுவார்கள். காசு கேட்க மாட்டார்கள். ஐபிஏ, சம்பளச் சீட்டு, டைரி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டுப் போங்கள். போன் தொலைந்தாலும் அவை இருக்கும்.

சம்பளம் பாக்கி இருக்கும்போதே சாமானைக் கட்டச் சொல்லி நேராகச் சாங்கி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனால் சண்டை போடாதீர்கள், ஓடவும் ஓடாதீர்கள். குடிநுழைவு கவுண்டர் வரை அமைதியாகப் போங்கள். கூட வந்த ஆள் அதற்குள் வர முடியாது. பாஸ்போர்ட்டை நீட்டும்போதே அங்கிருக்கும் அதிகாரியிடம், எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது, மனிதவள அமைச்சிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால், “நோ சாலரி, எம்ஓஎம்” என்ற மூன்று வார்த்தை போதும்.