காமா கதிரை வழிமறிக்கும் மங்கலான ஒளி: கணக்கு சறுக்கும் இடங்கள்

தொலைதூரப் பிளேசார் (மையக் கருந்துளை நம் பக்கம் தாரை பாய்ச்சும் விண்மீன்திரள்) ஒன்றின் காமா நிறமாலை உயர் ஆற்றல் பக்கம் சட்டெனச் சரிந்தால், "அதன் சக்தி அவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். கதிர் புறப்பட்டபோது இருந்ததும் வந்து சேர்ந்ததும் ஒன்றல்ல. வழியில் பறிகொடுத்ததைக் கூட்டிப் பார்த்த பிறகே மூலத்தைக் குறை சொல்லலாம்.

பறிப்பது தூசு என்பது அடுத்த தவறு. தூசு விண்மீன் ஒளியை விழுங்கிச் சூடாகி அகச்சிவப்பை உமிழ்கிறது. அதோடு அதன் பங்கு முடிந்தது. பறிப்பது, விண்மீன்களும் தூசும் உமிழ்ந்து விண்மீன்திரள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் பின்னணி ஒளி: அதன் ஃபோட்டானோடு (ஒளித்துகளோடு) காமா ஃபோட்டான் மோதினால் இரண்டுமே மறைந்து, ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும்.

ஆற்றல் கூடினால் ஊடுருவலும் கூடும் என்ற எக்ஸ் கதிர்ப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எலக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றல் 5.11 லட்சம் எலக்ட்ரான்வோல்ட். நேருக்கு நேர் மோதும்போது, இரு ஃபோட்டான்களின் ஆற்றல்களைப் பெருக்கினால் இந்த எண்ணின் வர்க்கமாவது வர வேண்டும். காமா 1 டெரா (லட்சம் கோடி) எலக்ட்ரான்வோல்ட் என்றால் எதிரிலிருப்பதற்கு 0.26 எலக்ட்ரான்வோல்ட் தேவை. அதாவது சுமார் 4.7 மைக்ரோமீட்டருக்கு மேல் அலைநீளமுள்ள ஒளி அதைத் தொடவே முடியாது. மோதல் மிகுதியாக நடப்பது 1.2 மைக்ரோமீட்டர் அருகே. 10 டெராவுக்கு அது 12 மைக்ரோமீட்டர். ஆற்றல் ஏற ஏற, மோதத் தகுதியுள்ள ஃபோட்டான்களின் கூட்டமும் பெருகுகிறது. ஆகவே "அகச்சிவப்பு" என்று மொத்தமாகச் சொல்லிக் கணக்குப் போடக்கூடாது.

இதைச் சுவராகக் கற்பனை செய்வதும் பிழை. வழியில் எவ்வளவு பறிபோகும் என்பதன் அளவான ஒளியியல் ஆழம் 1 என்றால் 37 சதவீதம் தப்பி வரும்; 3 என்றாலும் 5 சதவீதம் வந்து சேரும்.

திருத்தம் மிகையாவதும் உண்டு. 1997-இல் மார்க்கேரியன் 501 என்ற பிளேசார் பொங்கியபோது 10 டெராவைத் தாண்டியும் கதிர்கள் வந்தன. அன்று நம்பப்பட்ட அடர்த்தியான பின்னணியைக் கொண்டு திருத்தியவர்களுக்கு, நிறமாலை கடைசியில் விபரீதமாக மேலே எகிறியது. சார்பியலையே சந்தேகிக்கும் அளவுக்குப் பேச்சு போனது. பின்னணியை நேரடியாக அளப்பதில் சூரியக் குடும்பத் தூசின் வெளிச்சம் குறுக்கே நிற்கும் என்பதை மறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். 2006-இல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் இரண்டு பிளேசார்களை வைத்துக் காட்டியது வேறு படம்: அண்மை அகச்சிவப்பில் பின்னணி, எண்ணி முடித்த விண்மீன்திரள்களின் ஒளியைக் கூட்டினால் வருவதைவிட வெகு அதிகமாக இருக்க இடமில்லை.