ஜீரோ யாருடையது? பல துறை டிராயிங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலைக்குப் புதிது புதிதாக இன்ஜினியர் பிள்ளைகள் வருகிறார்கள். நாங்கள் இடறிய அதே கல்லில்தான் அவர்களும் இடறுகிறார்கள். தேதி போடு, பேக்கப் எடு என்பதை யாரும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முரண்பாட்டைத் தன் தாளில் மட்டும் சரிசெய்துகொள்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டில் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் குளியலறைகள் கட்டினார்கள். டிராயிங்கில் ஜீரோ என்பது உயரங்களை அளக்கத் தொடங்கும் மட்டம். ஆர்க்கிடெக்டுக்கு அது வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்து முடித்த தரை. கட்டடத்தின் வலுவைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் ஆளுக்கு அது ஸ்லாபின், அதாவது கான்கிரீட் தளத்தின், மேல்மட்டம். இரண்டு தாளிலும் ±0 என்றுதான் போட்டிருந்தது. நடுவே சாந்தும் டைல்ஸுமாக 60 மி.மீ.

ஸ்ட்ரக்சுரல் ஆள் அதைக் கண்டுபிடித்து, அடுத்த ரிவிஷனில் ஸ்லாபை 60 இறக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. பிளம்பிங் பையனும் கண்டுபிடித்தான். பைப் ஆழத்தையெல்லாம் ஸ்லாபிலிருந்தே கணக்கிட்டிருந்த அவனும் தன் தாளில் 60 கழித்துக்கொண்டான். ஸ்லாப் இறங்கியபோதே பைப்பும் இறங்கிவிட்டது. இவன் கழித்தது அதற்கு மேல். வெளியே கழிவுநீர் போய்ச் சேரும் சேம்பர் முன்பே கட்டியாயிற்று. கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இந்தத் தண்ணி மேடேறித்தான் போகணும்" என்றார். அதற்குள் பாதித் தரைக்கு டைல்ஸ் பதித்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் கையால் வார்த்த டைல்ஸ். பதித்தபின் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் இருவர் கணக்கும் சரி. அதுதான் கொடுமை.

ரைன் ஆற்றில் லாஃபன்பர்க் பாலத்திலும் 2003இல் ஏறக்குறைய இதே கதைதான். ஜெர்மனி வடகடலை வைத்து உயரம் அளக்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. 27 செ.மீ. வித்தியாசம் எல்லோருக்கும் முன்பே தெரியும். திருத்தும்போது கூட்டல் கழித்தல் மாறிப்போய் 54 ஆகிவிட்டது.

ஆகவே, ஒரு எண்ணுக்கு ஒரே சொந்தக்காரர். தரைமட்டம் ஆர்க்கிடெக்டுடையது, ஸ்லாப் கனம் ஸ்ட்ரக்சுரலுடையது என்று முதல் வாரமே பட்டியல் போடுங்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதலாம், தொடக்கூடாது. முரண்பட்டால் சொந்தக்காரருக்கு எழுத்தில் கேள்வி போகட்டும். பதில் வரும்வரை அந்த இடத்தில் வேலை நிற்கட்டும். கட்டுமானத் தகவல்களைக் கையாள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையில் வேலை நடந்துகொண்டிருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது என்று தகவலைப் பிரித்து வைப்பதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

காலித் தொட்டியின் எடையைக் கொடுப்பது

பிளம்பிங் பட்டியலில் கேட்லாக் எடைதான் இருக்கும். 1000 லிட்டர் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட பழைய மாடி தாங்குமா என்று பார்ப்பவர் கையில் எந்த எண் இருக்கிறது?

அலகு இல்லாத எண்

ஆசாரிக்கு அடி, அங்குலம், ஆபீசுக்கு மி.மீ. ஒரு பக்கம் பவுண்டு, மறுபக்கம் நியூட்டன் என்று போனதில் நாசா 1999இல் ஒரு செவ்வாய் விண்கலத்தையே இழந்தது.

ஃபைனல், ஃபைனல்-2, கடைசி ஃபைனல்

ரிவிஷன் எண் போடுங்கள். மேஸ்திரி கையில் இருக்கும் பழைய தாளை வாங்கிக் கிழியுங்கள்.

வாட்ஸ்அப்பில் "ஓகே சார்"

இது ஒப்புதல் ஆகாது. எந்த ரிவிஷனுக்கு ஓகே என்று கேளுங்கள்.